நாற்பத்தொன்பது தாள்

மூடியைத் திறந்து வைத்து
இரண்டு நாளாகிறது.
புரோமின் தானாகப் பறந்துவிடுமாம்.
கையேட்டில் பதினேழாம் பக்கம்,
போன வருஷம் நாங்கள் படிக்காத பக்கம்.

படிக்காமல் திறந்துவிட்ட தண்ணீர் அப்போது
சரிவில் இறங்கி, வேலிக்கடியில் நுழைந்து,
லியோபோல்ட் கரோனின் புல்வெளியில்
மஞ்சளாய் ஒரு கோடு போட்டது.
நெளிந்து, நடுவில் கொஞ்சம் பருத்து,
இரை விழுங்கின பாம்பு மாதிரி.
பதினொரு மாதம் அவர் பேசவில்லை.
எங்கள் குப்பைத்தொட்டி காற்றில் உருண்டால்
எடுத்து நிறுத்துவார்,
முதுகைக் காட்டியபடி.

அக்டோபரின் கடைசி ஞாயிறு.
தண்டர் பே துறைமுகத்தில் ஒரு கப்பல்
கோதுமைக்குக் காத்து நிற்கிறது.
தைஸ்தோ முழங்காலிட்டுப்
பக்கத் தகட்டைக் கழற்றுகிறான்.
முதலில் மின்சாரம், என்றேன்.
அணைத்தாயிற்று, என்றான்.
போய்ப் பார்த்தேன். அணைக்கவில்லை.
இருபது வருஷக் கல்யாணம்
பாதி நாள் இப்படித்தான் பிழைத்திருக்கிறது.

வடிகட்டியை உருவினேன்.
மடிப்புக்கு மடிப்பு முடி, என்னுடையதும் அவனுடையதும்.
ஆகஸ்டில் வந்துபோன அவன் அக்கா மகளின்
ஊதா நகப்பூச்சுத் துணுக்கு.
ஒரு பிளாஸ்திரி. எனதில்லை என்றேன்.
அவனும் அதையேதான் சொன்னான்.
எல்லாவற்றின் மேலும்
பாலாடை போல் படிந்த சாம்பல் நிறம்.
'குளித்துவிட்டு இறங்கவும்' என்று
பலகை எழுதி மாட்டியவள் நான்.
அந்தச் சாம்பலில் எனக்கும் பங்குண்டு.

ஹோஸைத் திருகப் போகையில்
வேலிப் பக்கம் ஒரு இருமல்.
காதுவரை இழுத்த கம்பளித் தொப்பி,
சட்டைப்பையில் சின்னக் குப்பி.
கரோன் கேட்காமல் படியேறி வந்தார்.
குப்பியிலிருந்து சோதனைத் தாள் ஒன்றை எடுத்து
தண்ணீரில் தோய்த்து
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
வெளிச்சத்தில் பிடித்தார்.
அவரிடம் தொட்டி கிடையாது.
இதற்கென்றே வாங்கியிருக்கிறார்.

பதினைந்து விநாடி.
கையில் திருப்புளியோடு தைஸ்தோ
பரீட்சை முடிவுக்கு வந்த பையனாய் நின்றான்.

தாள் வெள்ளையாகவே இருந்தது.
அவர் அதைத் திருப்பியும் பார்த்தார்,
கொஞ்சம் ஏமாற்றத்தோடு என்றுதான் எனக்குப் பட்டது.
பிறகு,
"என் தேவதாரு வரிசை காய்ந்து கிடக்கிறது.
அந்தப் பக்கம் விடு."

ஆயிரத்து நானூறு லிட்டர்.
ஹோஸின் வாயை அவரே பிடித்துக்கொண்டார்.
வெதுவெதுப்பு இன்னும் போகவில்லை,
ஒவ்வொரு மரத்தடியிலும் மெல்லிய ஆவி.
பேச்சு என்று பெரிதாக ஒன்றுமில்லை.
பனி வெள்ளிக்கிழமை விழும் என்றான் தைஸ்தோ.
வியாழன், என்றார் அவர்.

கடைசி விரற்கடைத் தண்ணீர்
எந்தக் குழாய்க்கும் இறங்கி வராது.
கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இறங்கி
பழைய துண்டால் ஒற்றி ஒற்றிப் பிழிந்தேன்.
வினிகர் தொட்டு, நீர்மட்டம் நின்ற வளையத்தைத் தேய்த்தேன்.
ஒரு வருஷத்தின் கழுத்தளவு.
சாய்விருக்கையில் ஒரு முதுகு, இரண்டு கெண்டைக்கால்,
தொழிற்சாலையில் வார்த்த ஆள்.
தைஸ்தோ அவனைவிட நீளம்,
எனக்கோ கால் மிதந்துவிடும்.
இன்று தண்ணீரில்லை. படுத்துப் பார்த்தேன்.
இடுப்பில் இடித்தது.

விளிம்பில் கரோனின் தொப்பி எட்டிப் பார்த்தது.
"இவ்வளவு சின்னதா?"

"நாலு பேர் உட்காரலாம்" என்றேன்.
காலித் தொட்டி அதை வாங்கி
நான் நினைத்ததைவிடப் பெரிதாகச் சொன்னது.
அவர் பதில் சொல்லவில்லை.
ஹோஸை ஒழுங்காகச் சுருட்டி வைத்தார்,
எங்களுக்கு வராத சுருட்டல்.

இப்போது புதுத் தண்ணீர்
ஏரியின் குளிரோடு
வடிகட்டிக் குழி வழியே ஏறுகிறது.
நிரம்ப நாலு மணி நேரம்.
சூடேற நாளை இரவாகும்.

கரோன் போய்விட்டார்.
குப்பி படியில் இருக்கிறது,
மறந்தாரா, வைத்தாரா தெரியவில்லை.
ஐம்பது தாள் என்று மேலே அச்சிட்டிருக்கிறது.