உலர் எடை

கொட்டாஞ்சேனையிலிருந்து மருதானைக்கு
மூன்று சோதனைச் சாவடி.
பாஸை நீட்டும் கையோடு மற்றக் கையையும் நீட்டுகிறேன்,
முழங்கைக்குக் கீழே புடைத்து
ஃப்ரிட்ஜ் மோட்டார் மாதிரி உறுமுகிற நரம்பை.
கடதாசியை விட அதைத்தான் நம்புகிறார்கள்.
ஆமர் வீதியில் நின்ற பொடியன் பொலிஸ்
தொட்டுப் பார்க்க வந்து, தொடாமலே
விரல்களை மடக்கிக்கொண்டான்.
'யன்ன, அக்கே.'

ஃபாஸிலின் ஆட்டோவில் அவருக்கும் எனக்கும் நடுவே
குளியலறைத் திரைச்சீலை.
அதில் டொல்பின்கள்,
வேண்டிய அளவு தண்ணீருக்குள்.

வாரம் மூன்று முறை, இப்போது இரண்டு.
நான்கு மணித்தியாலம், இப்போது மூன்று.
"எல்லாருக்கும் பங்கு போடணும்தானே, வதனி மிஸ்,"
என்கிறாள் நிலந்தி, தெரிந்த தமிழில்.
ஊசி ஏறும்போது நான் பார்த்துக்கொண்டிருக்கிற
அவள் வாய் இப்போது இல்லை.
முகமறைப்பில் என் முகம்தான் தெரிகிறது,
ஊதி, கண் சின்னதாகி.

ஐம்பத்தொன்று என் உலர் எடை.
தராசு ஐம்பத்து நான்கரை என்கிறது.
அந்த மூன்றரைக்குக் கணக்கு என்னிடம் உண்டு,
பெற்றாவில் பதினெட்டு வருடம் லெட்ஜர் எழுதியவள்.
காலையில் அரைக் கோப்பைத் தேநீர்.
மத்தியானம் ஐஸ் கட்டி இரண்டு.
பிறகு ஒரு இரவு
வெளியே மழை கொட்டக் கொட்ட
குளியலறைக் குழாயில் வாயை வைத்தது.
அதை எந்தப் பக்கத்திலும் பதியவில்லை.

படுத்தால் மூச்சு முட்டும்.
மூன்று தலையணையில் சாய்ந்தபடி
என் நெஞ்சை நானே ஒட்டுக்கேட்பேன்.
இது தண்ணியா, அதுவா?
இருமல் வந்தால் துவாயைக் கடித்து இருமுவேன்.
கீழ்வீட்டில் கேட்டால் பீ.எச்.ஐ.க்குச் சொல்லுவார்கள்.
கொண்டுபோய் வைக்கிற இடத்தில் கட்டில் இருக்கும்.
மிஷின் இருக்குமா?

பக்கத்துக் கதிரை மஹ்ரூப் நானாவுடையது,
கிராண்ட்பாஸில் பழைய இரும்பு வாங்கி விற்றவர்.
"மௌத்துக்குப் பயமில்ல தங்கச்சி," என்றார் ஒருநாள்,
சுற்றிப் போகும் தன் இரத்தத்தைப் பார்த்தபடி.
"அந்த வருத்தத்தில மௌத்தானா
நெருப்பிலதானே வைக்கிறாங்க."
நான் என்ன சொல்ல.
அப்பாவைக் கனத்தையில் எரித்து
சாம்பலை முகத்துவாரத்தில் கரைத்தவர்கள் நாங்கள்.
என் ஆறுதல் அவருடைய கெட்ட கனவு.
குளிருதா நானா, என்று கேட்டேன்.
போர்வையை இழுத்துவிடக் கை எட்டவில்லை.

வைகாசியில் ஒரு புது டொக்டர் பிள்ளை
மும்மொழிப் படிவம் கொண்டுவந்தாள்.
பேனை ஸ்பிரிட் மணந்தது.
கேள்வி ஒன்று:
'கடந்த இரு வாரங்களில் உங்களுக்கு
மனச்சோறு இருந்ததா?'
வாசித்துக் காட்டினேன்.
மஹ்ரூப் நானா சிரித்த சிரிப்பில்
குழாய் மடிந்து மிஷின் கத்தத் தொடங்கியது.
"நிறைய இருக்கெண்டு போடுங்க தங்கச்சி,
நாலு வீட்டுக்குக் காணும்."
நிலந்தி ஓடிவந்தாள். டொக்டர் பிள்ளைக்கு விளங்கவில்லை.
சிரித்து முடிய
இரண்டு பேருக்கும் தொண்டை காய்ந்திருந்தது.

கேள்வி ஒன்பது எழுத்துப் பிழையில்லாமல் இருந்தது.
உயிரோடு இல்லாவிட்டால் நல்லம் என்று?
நான்கு பெட்டி.
முதலாவதில் சரி போட்டேன், 'ஒருநாளும் இல்லை'.
அவரும் அதிலேதான் போட்டார், என் தாளைப் பார்த்து,
பரீட்சையில் பார்த்து எழுதும் பிள்ளை மாதிரி.

வெள்ளிக்கிழமை அவர் கதிரையில் ஆளில்லை.
துடைத்த ஈரம் காயாமல் கிடந்தது.
நிலந்தி ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று
மூன்று மணித்தியாலமும் கண்ணை மூடியிருந்தேன்.

இரவு பத்தரைக்குப் போன் அடித்தது.
"பாஸ் முடிஞ்சிட்டுது தங்கச்சி. புதுசு திங்கள்தானாம்."
பிறகு, கொஞ்சம் பொறுத்து,
"மனச்சோறு தின்டாச்சா?"
தின்றாச்சு நானா, என்றேன். நீங்கள்?

பதில் வரவில்லை.
மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் வந்தது,
அடியில் ஏதோ நுரைக்கிற மாதிரி.
எனக்குத் தெரிந்த சத்தம்தான்.
தண்ணியா, அதுவா என்று கேட்கவில்லை.
திங்கள் வரைக்கும் எத்தனை மணித்தியாலம் என்று
எண்ணிக்கொண்டிருந்தேன்.
அவரும் போனை வைக்கவில்லை.