வலப்பக்கம் வருபவருக்கு

ஒரு துண்டு பதினான்கு நொடி.
ஒரு நாளைக்கு முந்நூற்றிருபது துண்டு.
நாகவாராவில், ஏழாம் மாடியில்,
ஏசி நேராகப் பிடரியில் அடிக்கும் இருக்கையிலிருந்து
நான் பார்க்காத தெரு
இந்த ஊரில் குறைவு.

வேகம், இடைவெளி, வழியுரிமை.
மூன்று கட்டம்.
பச்சை அல்லது சிவப்பு.
மஞ்சளும் இருந்தது. போன வருஷம் எடுத்துவிட்டார்கள்,
முடிவெடுக்க நேரமாகிறதாம்.

கையேட்டில் ஒரு வரி:
விளக்கில்லாத சந்திப்பில்
வலப்பக்கம் வருபவருக்கு வழி விடுக.
படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.
லிங்கராஜபுரத்தில்
தண்ணீர் லாரிக்கு எல்லாத் திசையும் வலப்பக்கம்.
மூக்கை முதலில் நுழைத்த ஆட்டோவுக்கு
அதற்கும் மேல்.
பந்திக்கு முந்து என்பதை
யாரோ சாலைவிதி என்று படித்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை வந்தது
முனிவெங்கடப்பாவின் மேல்முறையீடு.
வெள்ளை டிசையர்.
வரம்பு நாற்பது, போனது முப்பத்தேழு.
முன்னால் யாருமில்லை.
சந்திப்புக்கு இரண்டு வண்டி நீளம் இருக்கும்போது
அடிக்கிறார் ஒரு பிரேக்.
பின்சீட்டுக்காரரின் காபி
பின்சீட்டுக்காரரின் சட்டையில்.
இயந்திரம் பார்த்த மாத்திரத்தில் சிவப்பு போட்டுவிட்டது.
வார ஊக்கத்தொகை, ஆயிரத்து இருநூறு,
போச்சு.

குரல்பதிவில் அவர்,
பாதிக் கன்னடம் பாதித் தமிழில்:
"ஏதோ வர்ற மாதிரி இருந்துச்சு மேடம்."
கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் குக்கர் விசில்.
"வரலை."

ஒன்பது முறை ஓட்டிப் பார்த்தேன்.
நாய் இல்லை. பந்து இல்லை.
இடப்பக்கம் சுவரொட்டி உரித்த சுவர்.
வலப்பக்கம் பாதி திறந்த இரும்புக் கேட்.
கேட்டுக்குப் பின்னால் இருப்பது
கேமராவுக்குத் தெரியாது.
கேட் ஆடுகிறதா?
காற்றாகவும் இருக்கலாம்.

மோதியவனுக்குப் படம் உண்டு, சாட்சி உண்டு,
காவல்நிலையத்தில் ஒரு எண் உண்டு.
மோதாதவன்
எதைக் கொண்டு வந்து காட்டுவான்?

காரணத்தைத் தேர்ந்தெடு என்றது பெட்டி.
விலங்கு. பாதசாரி. வாகனம். பள்ளம். காரணமில்லை.
ஏதோ என்று ஒன்று அதில் இல்லை.
பள்ளம் என்று போட்டேன்,
பெங்களூரில் யாரும் மறுக்க மாட்டார்கள் என்று.

மறுத்தார்கள்.
தணிக்கையிலிருந்து ஷர்வாணி, வியாழன் காலை:
பள்ளம் தென்படவில்லை.
என் துல்லியம் தொண்ணூற்றாறிலிருந்து தொண்ணூற்று நான்கு.
அவர் கட்டம் மறுபடி சிவப்பு.

நானும் பெரிய யோக்கியம் இல்லை.
ஹெப்பாள் மேம்பாலத்தில், ராத்திரி, ஸ்கூட்டியில்
அறுபத்தைந்தைத் தொட்டிருக்கிறேன்,
ஹெல்மெட்டுக்குள் சத்தமாகப் பாடிக்கொண்டு.
என்னைப் பதினான்கு நொடியாக வெட்ட
ஆளில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை அந்தச் சந்திப்புக்குப் போனேன்.
யாராவது கேட்டால்
அந்தப் பக்கம் தக்காளி மலிவு என்று சொல்லியிருப்பேன்.
கேட் மூடியிருந்தது. கம்பிக்குள்
ஒரு சின்ன மூன்றுசக்கர சைக்கிள்,
ஒரு பெடல் இல்லாமல்.
அது எதற்கும் ஆதாரம் இல்லை.

சந்திப்பின் நடுவில்
குடிநீர்க்காரர்கள் தோண்டிப் போட்ட பள்ளம்,
இடுப்பளவு.
அடையாளத்துக்கு ஒரு புங்கமரக் கிளை,
இலை இன்னும் வாடவில்லை.
நான் எழுதியது பொய்யில்லை.
தேதிதான் கொஞ்சம் முந்திவிட்டது.

கிளைக்கு முன்னால் நிறுத்தினேன்.
வலப்பக்கத்திலிருந்து ஒரு கேப்.
அதுவும் நின்றது. கண்ணாடியில் வெயில்,
முகம் தெரியவில்லை,
ஸ்டியரிங்கின் மேல் ஒரு கை எழுந்து
போ என்றது.
நீங்க போங்க என்று நான் காட்டினேன்.
இருவரும் கிளம்பினோம்.
இருவரும் நின்றோம்.
பின்னால் ஆறேழு ஹாரன்.