ஒன்று தசம் இரண்டு

"அப்படியே பூட்டலாம் எண்டு போட்டிருக்கு, அக்கா."
புதுக் கேம் சாஃப்டைச் சாரத்தில் சுற்றி
பாரை மீன் கொண்டுவருகிறவன் போல
கராஜுக்குள் வந்தான் டிலுக்சன்.
ஞாயிறு ஓட்டம். அன்று வியாழன்.

எழுதினவன் இந்த ஹெட்டைக் கண்டானா?
எனக்கு முந்தி யாரோ இதைச் சீவியிருக்கிறான்,
எவ்வளவென்று சொல்லாமல் போயிருக்கிறான்.
லான்சர் நாலு கை மாறினால்
பொய்யும் நாலு கை மாறும்.

முதலில் ஸ்பிரிங். வைஸில் வைத்து நெரித்தேன்.
புதுக் கேம் தூக்குகிற உயரத்திலும்
சுருளுக்குச் சுருள் ஃபீலர் தகடு நுழைந்தது.
தொப்பி சீலில் முட்டவில்லை.
அதற்குள் இவன் விசிலடிக்கத் தொடங்கிவிட்டான்.

பிறகு, உப்புவெளிச் சந்திக் கடையில் வாங்கின
பள்ளிக்கூடப் பிளாஸ்டிசின், பச்சை.
பிஸ்டன் தலையில் இரண்டு வில்லை அப்பி
வால்வில் எண்ணெய் தடவி
பழைய கஸ்கெட்டையே வைத்து ஹெட்டை இறுக்கி
கிராங்கைக் கையால் சுற்றினேன்,
முழுதாய் இரண்டு சுற்று.
வெளிப்போக்கு வால்வு மூடச் சுணங்க
உள்வரவு வால்வு அவசரப்பட்டுத் திறக்க
நடுவில் பிஸ்டன் ஏறி வருகிற இடத்தில்
ஸ்பானரில் ஒரு மெத்தை தட்டுப்பட்டது.

ஹெட்டைத் தூக்கினால்
பச்சையில் இரண்டு பிறை.
பிளேடால் குறுக்கே வெட்டி, மெல்லிய இடத்தை அளந்தேன்.
உள்வரவு: இரண்டு தசம் மூன்று.
வெளிப்போக்கு: ஒன்று தசம் இரண்டு.

"முட்டேல்லைத்தானே?"

முட்டவில்லை.
கையால் சுற்றினால் முட்டவில்லை.
ஏழாயிரத்தில் கனெக்டிங் ரொட் நீளும்,
பெல்ட் இழுபடும்,
ஸ்பிரிங் ஒருக்கால் பின்தங்கும்.
மச்சான் துறைமுகத்தில் பைலட் படகு ஓட்டுகிறார்.
கப்பலுக்கு வேண்டியது தண்ணியில்லை,
மிச்சத் தண்ணி என்பார்
குடித்திருக்கும்போதும்.

அவன் வெட்டின களியை உருட்டி உருட்டிப் பார்த்தான்.
கடற்கரைப் பக்கமிருந்து காற்று வந்து
மேசையிலிருந்த பில்லைக் கொண்டுபோனது.
எடுக்கப் போனவன்
திரும்பி வந்து ஒன்றும் கதைக்காமல்
கேமைச் சாரத்தில் சுற்றினான்.

ஞாயிறு பழைய கேமோடு ஓடினான்.
எத்தனையாவது வந்தான் என்று நான் கேட்கவில்லை.
திங்கள் காலை பூட்டின கதவடியில் கார்,
பின் சீற்றில் அந்தச் சாரம்.

"பிஸ்டனில எவ்வளவு வெட்டுவீங்கள்?"
"ஒன்று தசம் மூன்று."
"பயமெண்டால் கூட வெட்டுங்கோவன்."

"கூட வெட்டினால் தலை மெலியும்" என்று
வெர்னியரைத் துடைத்தேன்.