அரை மணி நேரம்

மூன்றாம் நாள் காலை ஏழு இருபது.
காவேரிப்பட்டணம், மேல்நிலைத் தொட்டியின் உச்சி.
கீழே வெறுங்குடங்களும்
அண்ணாந்த முகங்களும்.

பிளீச்சிங் பவுடரைப் பக்கெட்டில் கரைத்து
சுண்ணாம்பு அடியில் தங்கவிட்டு
தெளிவை மட்டும் ஊற்றியாகிவிட்டது.
இனி அரை மணி நேரம்.
அதற்குள் வால்வைத் திறந்தால்
நான் ஊற்றியது நாற்றம் மட்டும்தான்,
மருந்தில்லை.

"திம்மராயா, வெள்ளத்துல தப்பிச்சவன
தாகத்துல சாவடிக்காத!"
நிப்பட்டுக் கடை கோதண்டன் கத்துகிறார்.
அவருடைய மாவு மூட்டைகள்
தெருவில் ஊதிக் கிடக்கின்றன.
மேலே ஏறி நின்று ஒரு கோழி
காலைக் காலை உதறுகிறது.

இங்கிருந்து பார்த்தால் தென்பெண்ணை
ஒன்றுமே செய்யாதவள்போல் போகிறாள்.
மதகு திறந்தாச்சு என்று மைக்கில் சொன்ன இரவு
வீடுகளுக்குள் செருப்போடு வந்தாள்.
சாக்கடையும் கிணறும்
சம்பந்தி ஆன இரவு.
போகும்போது சுவரெல்லாம் ஒரே உயரத்தில்
கோடு போட்டுவிட்டுப் போனாள்.

ஏழு இருபத்தேழு.

செங்கம்மாவுக்குக் கையுறை ஒன்றுதான் வந்தது,
இடது கைக்கு.
வலது கையில் துணிக்கடைப் பையைக் கட்டிக்கொண்டு
செத்த ஆட்டை இழுத்துப் போகிறாள்.
பையில் ஒரு மணப்பெண் சிரிக்கிறாள்.

மொட்டை மாடியில் ஜபீனா
நனைந்த பீரோக் கதவை உடைத்து எரிக்கிறாள்.
கண்ணெல்லாம் புகை.
ஒரு சொம்புத் தண்ணீருக்கு ஒரு முழம் மரம்.
குமிழி வந்ததும் இறக்குகிறவள் இல்லை அவள்,
தளதளவென்று கொதித்தபின்னும்
இன்னொரு துண்டைச் செருகுகிறாள்.
இடுப்பில் ஏழு மாதக் குழந்தை.

பள்ளிக்கூட வாசலில் நர்ஸ் எஸ்தர்
"கால்ல புண் இருக்கறவங்க கை தூக்குங்க" என்கிறாள்.
ஒரு கையும் எழவில்லை.
குனிந்து கால்களைப் பார்த்தே
எலிக்காய்ச்சல் மாத்திரை கொடுத்துக்கொண்டு போகிறாள்,
கண்முன்னால் விழுங்கினால்தான்
அடுத்த காலுக்கு நகர்கிறாள்.

"டேய், தொறடா!"
இது கோதண்டன் இல்லை.
என் மச்சான்.

நேற்று நான் காத்திருக்கவில்லை.
சோதிக்கிற சீசா வெள்ளத்தோடு போயிருந்தது.
பத்தே நிமிஷத்தில் திறந்தேன்.
ரிஜிஸ்டரில் வழக்கமான எண்ணை
வழக்கமான கையெழுத்தில் எழுதினேன்.
நல்லா இருடா என்றார்கள்,
ஒருவர் பீடி கொடுத்தார்.

ராத்திரி பள்ளிக்கூடத்தில்
நான்கு பிள்ளைகளுக்கு வயிறு போனது.
உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கரைத்து
ஸ்பூன் ஸ்பூனாக விடியவைத்தார்கள்.
நான் விட்ட தண்ணீரா,
அவர்கள் அளைந்த சேறா,
சோப்பில்லாமல் பிசைந்த சோறா?
தெரியல அண்ணா என்றாள் எஸ்தர்.
சீசா ஒன்றை என் கையில் வைத்தாள்.
அதற்குமேல் எதுவும் பேசவில்லை.

தெரியாது என்பது
எனக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

ஏழு நாற்பத்தொன்று.
மச்சான் ஏணியில் இரண்டு படி ஏறி
என் முகத்தைப் பார்த்துவிட்டு
இறங்கிக்கொண்டான்.

ஏழு ஐம்பது.
இறங்கி வந்து திறந்தேன்.
குழாய் முதலில் இருமியது,
கலங்கலாய்த் துப்பியது, பிறகு வந்தது.
கண்ணாடிக் குழலில் பிடித்து
சீசாவிலிருந்து சொட்டு விட்டேன்.
மஞ்சள்.
கல்யாணத் தாம்பூலத்தில்கூட
இப்படி ஒரு மஞ்சளைப் பார்த்ததில்லை.

கோதண்டன் ஒரு வாய் குடித்து
மூஞ்சியைச் சுளித்தார்.
"இதுல காபி போட்டா வாய்ல வைக்க முடியுமா?"
"நாறுதா?"
"நாறுது."
"நல்லாவா?"
"ஆசுபத்திரி கணக்கா நாறுது, போடா!"
குடத்தை மூடித் தூக்கிக்கொண்டு போனார்.

ரிஜிஸ்டர் இன்னும் ஈரம்.
நேற்றைய எண்ணைப் பேனாவால் அடித்தேன்,
பக்கம் கிழிந்தது.
கிழிசலைத் தாண்டி
இன்றைய தேதியை எழுதினேன்.