நானூற்றெண்பது கிராம்

க்ரேஃபெல்டில் ரயில் பாலத்துக்குக் கீழே எங்கள் கராஜ்.
முப்பத்தெட்டு டிகிரி. தகரக் கூரை
கொதிக்கிற சட்டிக்கு மூடி.
பதினொன்று பத்துக்கு வந்து நின்றது
கதவில் நீலச் சிலுவை ஒட்டிய வெள்ளை வான்.
"ஏசி வெறும் காத்துத்தான் ஊதுது, தங்கச்சி.
பன்னிரண்டு நாற்பதுக்கு ஆள் ஏத்தவேணும்,"
என்றார் குகதாசன்.

நீல இணைப்பு தடித்த குழாய்க்கு,
சிவப்பு மெல்லியதுக்கு.
இயந்திரம் இருமிவிட்டு
உள்ளே மிச்சமிருந்ததை உறிஞ்சி நிறுத்துச் சொன்னது:
நூற்றுத்தொண்ணூறு.
இருக்கவேண்டியது நானூற்றெண்பது.
"போன வருஷம்தானே நிரப்பினது?"
நிரப்பினவன் ஓட்டையைத் தேடவில்லை.
அதற்கு அவன் காசு வாங்கவில்லை, அவ்வளவுதான்.

குழாய்களை வெறுமையாக்கினால்
வெறுமை அப்படியே நிற்கவேண்டும். அதுதான் சோதனை.
வாயுவைப் பிடித்து வைக்க முதல்
ஒன்றுமில்லாததைப் பிடித்து வைக்கத் தெரியவேண்டும்.
முள் நின்றது. பிறகு
நித்திரையில் புரள்கிறவன் போல
மெல்ல ஏறியது.

ஊதா வெளிச்சம் பிடித்துத் தேடினேன்.
கண்டன்சர் மூட்டடியில் பச்சையாய் ஒரு மினுக்கம்,
மின்மினி நசுங்கின மாதிரி.
ரப்பர் வளையம். இரண்டு யூரோ முப்பது.
மாற்றினேன்.
திரும்பவும் வெறுமை. இன்னும் அரை மணி.

குகதாசன் கதிரையில் உட்காரவில்லை.
டயர் அடுக்கில் சாய்ந்துகொண்டு கதைத்தார்.
"டயாலிசிஸ் ஆக்களைத்தான் ஏத்துறன்.
கிழமைக்கு மூண்டு தரம், அதே ஆறு பேர்.
ஒராள் விஷ்னெவ்ஸ்கி, முந்தி உருக்காலையில நிண்டவர்.
அவருக்கு நாளுக்கு அரை லீட்டர் தண்ணி மட்டும்.
சூப்பும் அதுக்குள்ள. வத்தகப்பழமும் அதுக்குள்ள.
போன வெள்ளி சிக்னலில நிக்கேக்க
கண்ணாடி தூசியெண்டு வைப்பருக்குத் தண்ணி அடிச்சன்.
அந்தாள் அதை வாயால பாத்தார்.
அண்டைக்குத்தான் உங்கட நம்பரைத் தேடினனான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
முள்ளைப் பார்த்தேன்.
முள் அசையவில்லை.

பன்னிரண்டு பத்து. எண்ணெய் எட்டு மில்லி.
பிறகு வாயு. புது ரகம், கிராமுக்குக் காசு.
கூடினால் கம்ப்ரசர் திணறும்,
குறைந்தால் வெறும் விசிறி.
நானூற்றெழுபது, எழுபத்தைந்து,
எழுபத்தெட்டில் என் மூச்சை அடக்கிக்கொண்டேன்,
ஏதோ நான்தான் ஊற்றுகிற மாதிரி.
நிற்கவேண்டிய இடத்தில் நின்றது.

எஞ்சினைப் போட்டதும் கம்ப்ரசர் டக்கென்று பிடித்தது.
காற்றுவாயில் செருகின வெப்பமானி
இருபத்தொன்பது, பதினெட்டு,
ஒன்பது, ஆறு.
குகதாசன் தன் பக்கத்துக் காற்றில் கைவைக்கவில்லை.
எட்டி, பக்கத்து இருக்கையின் முன்னால்
பிளாஸ்டிக் இதழ்களைத் திருப்பினார்.
கொஞ்சம் மேலே. இல்லை, கொஞ்சம் கீழே.
உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதனின் வாய்
எந்த உயரத்தில் இருக்கும் என்று
உள்ளங்கையை வெறுங்காற்றில் நிறுத்திப் பார்த்தார்.
ரசீதை வாசிக்காமலே மடித்துச் சொருகிக்கொண்டு
பின்னோக்கி எடுத்துப் போய்விட்டார்.

குழாயடியில் கிளாஸை நிரப்பினேன்.
வாய்க்குக் கொண்டுபோனதை இறக்கி
பெயின்ட் கலக்கிற தராசில் வைத்தேன்.
கிளாஸ் போக முந்நூற்றுப் பன்னிரண்டு.
ஒரு வாய் குடித்தேன்.
மறுபடியும் வைத்தேன்.

வெளியே மீர்கோ
அடுத்த வண்டியில் இருந்து ஹார்ன் அடித்தான்.