வியாழன் பொனி

மரண அறிவித்தலில் இப்படிப் போட்டிருக்கிறார்கள்:
கொட்டாஞ்சேனையைப் பிறப்பிடமாகவும்
வத்தளையை வதிவிடமாகவும் கொண்ட,
ஓய்வுபெற்ற துறைமுக எழுதுவினைஞர்
பொனிபாஸ் மச்சாடோ.
அன்னார் இன்னாரின் மகனும்
இன்னாரின் அன்புக் கணவரும்
மூன்று பேருக்கு மாமனாரும் ஆவார்.
உற்றார் உறவினர் நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும்.

நான் ஏற்றுக்கொள்ளவில்லை.

எழுபத்து நாலு. பாணுக்கு வரிசை.
கப்பலில் ஒன்றும் இறங்காத காலம்.
மினுக்கத்துக்கு எங்கே போவது?
தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளைக்
கிட்டங்கியிலிருந்து சுருட்டி வந்து
பழைய கட்டில் விரிப்பில் வைத்துத் தைத்தான்.
நடந்தால் சரசரக்கும். குனிந்தால் கிழியும்.
முதுகில் ஓரிடத்தில்
‘ஏற்றுமதிக்கு மட்டும்’ என்ற முத்திரை
தேய்க்கத் தேய்க்கப் போகவில்லை.
"இருக்கட்டும், உண்மைதானே" என்றான்.

சப்பாத்தின் அடிக்கு ஆறங்குலப் பலாக்கட்டை.
இமைக்குச் சலவை நீலம்.
கண்மை என்னுடையது.

ஜூப்பிற்றர் பொனி என்றுதான் சொல்லி அனுப்பினோம்.
சுவரொட்டி எழுதியவர் தமிழ்ப்பற்று மிகுந்த மனிதர்,
வியாழன் பொனி என்று எழுதிவிட்டார்.
நிகழ்ச்சியோ சனிக்கிழமை.
வியாழக்கிழமையே வந்து
பூட்டிய மண்டபத்தைத் திட்டிப் போனவர்கள் நாற்பது பேர்.
சனிக்கிழமையும் வந்தார்கள்,
தம்பிமாரையும் கூட்டிக்கொண்டு.

அவனுக்கு மூன்று கோட்ஸ் தெரியும்.
சுருதி நிற்காது.
ட்ரம்ஸ் அடிக்க வேண்டியவன்
கடன்காரனுக்குப் பயந்து வரவில்லை.
பலாக்கட்டைக் காலால் பலகை மேடையை உதைத்தான்:
டும் டும் டக். டும் டும் டக்.
கூரையிலிருந்து புறாக்கள் எழுந்தன.
முன்வரிசையில் பங்குத்தந்தையின் கோப்பை
தன் தட்டிலேயே தாளம் போட்டது.
ஆங்கிலத்தில் தொடங்குவான், சிங்களத்தில் வளைவான்,
அடி முடிகிற இடத்தில்
"எடியே" என்று தமிழில் விழுவான்.
அந்த எடியேயில்
எங்கள் வரிசை முழுக்க, பெட்டைகளும் பெடியன்களும்,
தன்னைத்தான் கூப்பிட்டான் என்று நிமிர்ந்தது.

"நீ ஆம்பிளையா பொம்பிளையா?"
பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.
"சனிக்கிழமை" என்றான் பொனி.

மினுங்குவதற்கு யாரிடமும்
அனுமதி கேட்கத் தேவையில்லை என்று
கூப்பன் புத்தகத்தோடு நின்ற எனக்கு
அதுவரை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.
அடுத்த நாள் பூசைக்கு
ஒரு கண்ணுக்கு மட்டும் நீலம் பூசிப் போனேன்.
அறை விழுந்தது.
கழுவிவிட்டு, வரும் கிழமை
இரண்டுக்கும் பூசினேன்.

மொத்தம் ஆறு நிகழ்ச்சிகள். இசைத்தட்டு இல்லை.
ஒலிநாடா ஒன்று இருந்தது,
எண்பத்து மூன்று யூலைக்குப் பிறகு
அது இருந்த வீடே இல்லை.
தலைமயிரை வெட்டினான். ரசீது எழுதினான்.
ஈயத்தாள் சட்டையின் மிச்சத்தில்
அவன் மனைவி பாலன் குடிலுக்கு
நட்சத்திரம் வெட்டினாள் என்று கேள்வி.

தொண்ணூற்றாறில் ஒருமுறை
கோட்டை பஸ் தரிப்பில் கண்டேன்.
"பாடுறதில்லையா?"
"தொண்டை போச்சு."
விரலில் மை. ரசீது மை என்று நினைத்தேன்.
சின்னி விரல் நகத்தில் மட்டும்,
வழியாமல், ஒழுங்காக, நீலமாக.

மிச்சம் என்ன என்று கேட்டால்
என்னிடம் பெரிய கணக்கு இல்லை.
தெமட்டகொடையில் ஓட்டோ ஓட்டும் நவ்பர்
சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம்
கைப்பிடியில் தட்டுகிறான், டும் டும் டக்.
வாப்பாவிடமிருந்து வந்த பழக்கமாம்.
எந்தப் பாட்டு என்று அவனுக்குத் தெரியாது.
எனக்கும் சொற்கள் மறந்துவிட்டன,
அந்த எடியேயைத் தவிர.

நேற்றுப் பொரளை மலர்ச்சாலையில்
கன்னத்துக்குச் சிவப்பு, உதட்டுக்குச் சாயம்,
கோட்டும் டையுமாகக் கிடந்தான்.
"ஐயோ, கூடப் பூசிப்போட்டாங்கள்" என்று
மருமகள் கைக்குட்டையை எடுத்தாள்.
அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.
"விடு பிள்ளை" என்றேன்,
"இது காணாது."