நல்ல பதில்

ஒன்பது மணிக்கு ஹட்டனில் நேர்முகப் பரீட்சை.
ஐந்தரைக்கே குறுக்குப் பாதையில் இறங்கினேன்,
சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகி,
சப்பாத்தைச் சொப்பிங் பேக்கில் சுற்றி
நெஞ்சோடு பிடித்தபடி.
சப்பாத்து சுகிர்தா அக்காவுடையது.
கொழும்பில் துணிக்கடையில் நின்றபோது வாங்கியது.
எனக்கு ஒரு அளவு பெரிது,
முன்னால் பேப்பர் திணித்திருந்தோம்.

மழை விட்டிருந்தது. புல் விடவில்லை.
காலுக்குச் சவர்க்காரம் தேய்ச்சிட்டுப் போ என்றாள் அம்மா.
உடுப்புச் சவர்க்கார வாசம் ஒபிசுக்குள் அடிக்கும் என்று
தேய்க்காமல் வந்துவிட்டேன்.

பஸ்ஸில் மனப்பாடம்:
என் பெயர் பெரியசாமி துஷாலினி.
உயர்தரம் கலைப்பிரிவு, இரண்டு பி, ஒரு சி.
என் பலம் பொறுமை.
என் பலவீனம்...
அதை என்ன சொல்வது என்று
நோர்வூட் தாண்டும்வரை யோசித்தேன்.
டிக்கோயாவில் தூங்கிவிட்டேன்.

மாடியில் கண்ணாடிக் கதவு.
தள்ளவும் என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது.
நான் இழுத்தேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர்.
விஜேகோன் சேர், உடைந்த தமிழ், உடையாத டை.
மனோகரி மிஸ் பெயரைச் சொன்னதோடு சரி,
என் சான்றிதழ்களை ஒவ்வொன்றாய்
பின்பக்கமும் புரட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் தெரிந்தது,
இடது கணுக்காலில்
சேலைக் கரைக்குள்
குளிர்ந்து கனக்கும் ஒன்று.
அட்டை கடிப்பது தெரியாது.
குடித்துப் பருத்த பிறகே
பாரம் தெரியும்.

குனியாதே. சொறியாதே.
கை மடியில், பார்வை நேரே.
பார்த்துப் பேசினேன்.

"உங்க தோட்டத்தில எத்தனை குடும்பம்?"
"மூணு டிவிசன் சேர். நூத்தித் தொண்ணூறு."
"எல்லாரையும் தெரியுமா?"
"நாய்களையும் தெரியும் சேர்."
சிரிப்பார் என்று நினைத்தேன்.
எழுதிக்கொண்டார்.

"புதன்கிழமை. தவணைக் காசு எடுக்கப் போறீங்க.
வீடு பூட்டு. பக்கத்து வீடும் பூட்டு.
என்ன செய்வீங்க?"

மனப்பாடத்தில் இது இல்லை.
ஆனாலும் பதில் இருந்தது என்னிடம்,
எட்டு மாதப் பதில்.

கோயில் வளைவில் மோட்டார் சைக்கிள் உறுமியதும்
லயத்தில் ஒவ்வொரு டீவியாய் அடங்கும்.
பீலிக்கு மேலே சவுக்குகளுக்குள்
பெண்கள் குந்தியிருப்பார்கள்,
கைப்பிள்ளைகளின் வாயை மார்பால் அடைத்துக்கொண்டு.
நடுவில் அம்மாவும்.
வெளியே நின்று வீட்டைப் பூட்டுகிறவள் நான்.
எல்லாரும் மலைக்குப் போயிட்டாங்க சேர்,
என்று சொல்கிறவளும் நான்தான்.

"பீலிக்கு மேல ஏறிப் பார்ப்பேன் சேர்," என்றேன்.
"அங்கதான் இருப்பாங்க."

விஜேகோன் சேர் பேனையை வைத்தார்.
முதல் தடவையாக
என் முகத்தைப் பார்த்தார்.
"வெரி குட்."

வயிறு நிறைந்தது போல,
அதுவும் அந்த நேரம் பார்த்து
சப்பாத்து விளிம்பால் உருண்டு
வெள்ளை டைலில் விழுந்தது.

மனோகரி மிஸ் கண்டார்.
தாள் ஒன்று விழுந்ததுபோல் குனிந்து
டிஷூவால் பொத்தி எடுத்தார்.
நிமிரும்போது, எனக்கு மட்டும் கேட்க,
"உப்புக் கொண்டுட்டு வரலையா?"

அதுவரைக்கும் அவர் எந்தப் பக்கம் என்று
எனக்குத் தெரியாது.
அதற்குப் பிறகு அவர்
என்னைப் பார்க்கவேயில்லை.

அட்டை விட்ட வாய் லேசில் அடையாது.
பஸ்ஸிலும் கசிந்தது.
சேலைக் கரையை நனைத்துப் பிடித்துக்கொண்டேன்.
கோல் எடுப்போம் என்றிருந்தார்கள்;
நோர்வூட்டிலேயே எடுத்துவிட்டார்கள்.

அம்மா சாயத் தண்ணி ஊற்றித் தந்தாள்.
"என்ன கேட்டாங்க?"
"பேரு கேட்டாங்க. படிப்பு கேட்டாங்க."
"நல்லா சொன்னியா?"
"நல்லா சொன்னேன்."

உப்புப் போத்தலைத் தேடிக்கொண்டு
என் காலடியில் உட்கார்ந்தாள்.
கதவுக்குப் பின்னால் ஆணியில் பூட்டு,
சாவியோடு.
நாளை மறுநாள் புதன்கிழமை.